சள்ளகெரேயும் சவன்னாவும்



பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தைக்கு ராகிக் கஞ்சி, பெரியவர்களுக்கு வாரத்தில் இரு நாள் ராகிக் களி, குழம்புக்குப் புளி, பொரியலுக்குத் தட்டைப்பயறு, ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த கம்பும் சோளமும் டப்பாவில் சிறிது. இவற்றையெல்லாம் நாம் பரம்பரைச் சொத்தாகக் கருதுகிறோம். ஆனால் இந்த ஐந்தும் பிறந்த வீடு ஆப்பிரிக்கா. கேழ்வரகு கிழக்காப்பிரிக்க மேட்டு நிலங்களிலும், சோளம் கிழக்குச் சூடானிலும், கம்பு மாலி நாட்டை ஒட்டிய வறண்ட விளிம்பிலும், தட்டைப்பயறு மேற்காப்பிரிக்காவிலும் முதன்முதல் பயிராகப் பழக்கப்பட்டவை. புளியமரமும் அக்கண்டத்துக்கே உரியது. அராபியர் அதனை ‘இந்தியப் பேரீச்சை’ என்று பெயரிட்டழைத்ததால் உலகமே அதனை நம்முடையது என்று நம்பிவிட்டது. தானியங்களும் பயறும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே கடல் கடந்து நம் நாட்டில் வேரூன்றிவிட்டன.

இவை பிறந்த நிலத்தைப் புவியியலார் சவன்னா என்பர். ஆப்பிரிக்காவின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி அதுவே. அடர்ந்த காடும் அன்று, மணற்பாலையும் அன்று; ஆள் முழங்கால் உயரத்துக்கும் மேலாகப் புல் வளர்ந்த வெளி, அதனிடையே ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் நிற்கும் மரங்கள். ஆண்டில் சில மாதம் மழை, எஞ்சிய மாதங்கள் வறட்சி. மழைக்காலத்தில் பச்சை, பின்னர் பொன்னிறம், கோடையில் சாம்பல் நிறம் என்று ஒரே நிலம் மூன்று வேடம் பூணும்.

அத்தகைய நிலத்தின் நடுவே, பெருநகரங்களுக்கு எட்டாத் தொலைவில் அமைந்த ஒரு வேளாண் நகரைக் காண வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அதற்குக் கப்பலேற வேண்டியதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், சித்திரதுர்க்க மாவட்டத்தில், சள்ளகெரே என்னும் ஊர் இருக்கிறது. அதனைச் சூழ்ந்திருப்பது சவன்னாவேதான் என்று இன்றைய தாவரவியலார் கூறுகின்றனர். காடாக இருந்து கெட்டுப்போன நிலம் என்று நெடுங்காலம் அதனைக் கருதி வந்தனர், அது பிழை. புல்வெளியாகவே பிறந்து புல்வெளியாகவே வாழ்ந்து வரும் நிலம் அது. இந்தப் பிழையால் விளைந்தது என்ன என்பதும், அங்குச் செல்வோர் எதைக் கண்டு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழர்க்கு இந்நிலம் புதிதன்று. நம் இலக்கண நூலார் ஐந்திணை வகுத்தபோது காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றனர். அக்காடு யானை புக முடியாத இருட்காடு அன்று என்பதை அதன் கருப்பொருள்களே காட்டும். வரகும் சாமையும் விளையும் புன்செய், ஆநிரை மேய்க்கும் ஆயர், குழலோசை, கார்கால மழைக்குக் காத்திருத்தல், வெளியில் துள்ளும் இரலை. இருண்ட கானகத்தில் இரலை வாழாது. அது திறந்த வெளிக்குரிய மான். முல்லை என்று நாம் படித்ததைச் சவன்னா என்று மொழிபெயர்த்தால் பெரும்பிழை ஆகாது என்பது என் கருத்து.

செல்லும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெம்பேகௌடா பேருந்து நிலையத்தில் ஏறினால் தும்கூர், சிரா, ஹிரியூர் வழியாகச் செல்லலாம். சிரா தாண்டியதும் தென்னந்தோப்புகள் குறையத் தொடங்கும். வானம் அகலமாகும். ஹிரியூரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் சுமார் 40 கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். ஹிரியூருக்கு அருகே வேதவதி ஆற்றின் குறுக்கே மைசூர் மன்னர் காலத்தில் கட்டத் தொடங்கி 1907இல் முடித்த வாணி விலாச சாகரம் என்னும் அணை இருக்கிறது. இந்தப் பிரதேசத்தின் மழை எத்தகையது என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை: அந்த அணை 1933இல் நிரம்பி வழிந்தது, மறுமுறை நிரம்பி வழிந்தது 2022இல். இடையே 89 ஆண்டுகள்! பெங்களூரில் ஆண்டுக்குப் பெய்வதில் ஏறத்தாழப் பாதியளவு மழையே சள்ளகெரேக்குக் கிடைக்கிறது.

‘கெரே’ என்றால் ஏரி. ஏரியின் பெயரைத் தாங்கிய ஊரில் நீருக்குப் பஞ்சம் இருப்பது விந்தையாகத் தோன்றலாம். நீர் அரிதாக இருக்கும் இடத்தில்தான் ஏரியைப் பெயரிலே வைத்துப் போற்றுவார்கள்.

ஊரின் தொழில் எண்ணெய். சுற்றுவட்டார மானாவாரி நிலங்களில் விளைந்த நிலக்கடலையை ஆட்டுவதற்கு இங்கே எண்ணெய் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ‘எண்ணெய் நகரம்’ என்றும், வாணிபச் செழிப்பால் ‘இரண்டாவது பம்பாய்’ என்றும் மக்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளும், வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்திறங்கிய பனையெண்ணெயும் அந்தச் செழிப்பைக் குறைத்துவிட்டன. ஆனாலும் ஊருக்குள் நுழையும்போது பிண்ணாக்கின் மணம் வரவேற்பதை இன்றும் உணரலாம். கடலையோடு வெங்காயம், ராகி, கம்பு, தினை, துவரை, ஆமணக்கு ஆகியவையும் பயிராகின்றன. கடலை மட்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கேழ்வரகும் கம்பும் ஆமணக்கும் ஆப்பிரிக்கா தந்தவை. கடைத்தெருவில் கன்னடத்தோடு தெலுங்கும் காதில் விழும். ஆந்திர எல்லை மிக அண்மையில் இருக்கிறது.

ஆனால் நண்பர்களே, கடைத்தெருவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் இவ்வூரைப் பார்த்தவர் ஆகமாட்டார். ஊருக்கு வெளியே இருக்கும் காவல்களைக் காண வேண்டும்.

‘காவல்’ என்றதும் போலீசு நிலையம் நினைவுக்கு வரும். கன்னடத்தில் அதற்கு, மேய்ச்சலுக்கென்று காத்து வைத்த புல்வெளி என்ற பொருளும் உண்டு. மைசூர் உடையார் மன்னர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் ஆநிரைகளுக்கென்று இத்தகைய வெளிகளை ஒதுக்கினர். சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அதற்கெனத் தனி இலாகா இருந்தது. அதன் பெயர் ‘பெண்ணெ சாவடி’, அதாவது வெண்ணெய்ச் சாவடி. அதனை ‘அமிர்த மஹால்’ என்று பெயர் மாற்றியவர் திப்பு சுல்தான். பெயர் பாலையும் வெண்ணெயையும் சொன்னாலும் மாடுகள் பெரும்பாலும் போருக்குப் பயன்பட்டவை. பீரங்கி இழுக்கவும் தளவாடம் சுமக்கவும் அந்த எருதுகளுக்கு நிகர் இல்லை. ஆங்கிலேயருடன் நடந்த போரில் ஹைதர் அலி நம் சிதம்பரத்தைக் காக்க விரைந்தபோது, இந்த எருதுகளின் வலிமையால் இரண்டரை நாளில் 100 மைல் கடந்தார் என்று மைசூர் வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. சித்திரதுர்க்கத்துப் புல் தில்லை நகர் வரை வந்த கதை இது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் மாடுகளும் காவல்களும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. செலவு மிகுதி என்று 1860இல் மந்தையைக் கலைத்தார்கள். நல்ல எருது கிடைக்காமல் போகவே 1866இல் மறுபடியும் சேர்த்தார்கள். சிக்கனம் பேசும் அதிகாரிகள் எக்காலத்திலும் இப்படித்தான் போலும்! இன்றும் அந்த இனம் இருக்கிறது. சாம்பல் நிற உடல், பின்னோக்கி எழுந்து கூர்மையாக மேலேறும் நீண்ட கொம்புகள், எளிதில் பணியாத சுபாவம். நம் கொங்கு நாட்டுக் காங்கேயம் மாடும், உம்பளச்சேரியும், பர்கூர் மலை மாடும் இதே மைசூர் வகையைச் சேர்ந்த உறவினங்கள் என்று கால்நடை நூலார் வகுத்துள்ளனர்.

காவல்களின் அமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. எல்லாக் காவலும் எல்லாக் காலத்துக்கும் உரியதன்று. மழைக் காவல், குளிர்க் காவல், கோடைக் காவல் என்று மூவகை. ஏரிப்படுகையும் நிழல் மரமும் உள்ளவை கோடைக்கு. மழை நின்றதும் விரைவில் காய்ந்துவிடும் மேட்டுப்பாங்கானவை மழைக்காலத்துக்கு. மந்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். புல்லுக்கு ஓய்வு கிடைக்கும். சவன்னாப் புல்லின் உயிர் மண்ணுக்கு மேலே இல்லை. அதன் பெரும்பகுதி வேராகக் கீழே இருக்கிறது. மேய்ந்தாலும், தீயில் எரிந்தாலும், ஒரு மழைக்கு மறுபடி தழைக்கும். ஆனால் ஒருமுறை கலப்பையோ இயந்திரமோ வேரைப் பெயர்த்தெடுத்துவிட்டால், அதே புற்கூட்டம் திரும்பி வர ஒரு மனிதன் ஆயுள் போதாது.

இந்த நகரும் மேய்ச்சலைத்தான் ஆப்பிரிக்கச் சவன்னாவிலும் காண்கிறோம். வட நைஜீரியாவில் ஹௌசா மக்கள் உழவர். ஃபுலானி மக்கள் மேய்ப்பர். அறுவடை முடிந்ததும் ஃபுலானியர் தம் மாடுகளை உழவர் நிலத்தில் இறக்குவார்கள். மாடு தாளைத் தின்னும். நிலத்துக்கு எரு கிடைக்கும். மேய்ப்பனுக்குத் தானியமோ பணமோ கூலியாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் வயலில் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சள்ளகெரேப் பக்கத்திலும் குறும்பாட்டு மந்தையை நிலத்தில் மறித்து வைப்பதற்கு உழவர்கள் கூலி கொடுக்கிறார்கள். கடலும் கண்டமும் இடையே கிடக்க, ஒரே வகை நிலம் ஒரே வகை ஒப்பந்தத்தை மனிதர்க்குக் கற்பித்திருக்கிறது. இடையே பாதை அடைபட்டால் இருவருக்கும் பகை மூளும். நைஜீரியாவில் அண்மை ஆண்டுகளில் உழவர்க்கும் மேய்ப்பர்க்கும் நடந்த மோதல்களுக்கு மேய்ச்சற்பாதைகள் மறைந்ததும் ஒரு காரணம்.

ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். நாயக்கனஹட்டி, கொல்லரஹட்டி என்று ‘ஹட்டி’யில் முடிபவை பல. தமிழில் ‘ப’ என்று தொடங்கும் சொல் கன்னடத்தில் ‘ஹ’ என்று மாறும்: பால் ஹாலு ஆகும், புல் ஹுல்லு ஆகும். அவ்வாறே பட்டி ஹட்டி ஆயிற்று. ஆடுமாடு அடைக்கும் பட்டியே ஊரின் பெயராக நிலைத்தது. பழைய கன்னடத்தில் ஆநிரை கவர்தலைத் ‘துறுகொள்’ என்பர். நம் செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் ஆநிரையைத் ‘தொறு’ என்று பொறித்திருப்பதை அறிந்தவர்களுக்கு அதுவும் நம் சொல்லே என்பது விளங்கும். ரிச்சர்ட்ஸ் டவுனில் கன்னடம் பேசத் தயங்கும் நம்மவர்கள் இந்த மாதிரிச் சொற்களைக் கொண்டு தொடங்கலாம். தயக்கம் பாதி தீரும்.

இங்கே மேய்ச்சலை வாழ்க்கையாகக் கொண்டவர்கள் காடுகொல்லர், மியாச நாயக்கர், குறுபர் ஆகியோர். மியாச நாயக்கரிடம் ‘தேவர எத்து’ என்னும் வழக்கம் உண்டு. தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட மாட்டுமந்தை அது. அதன் பாலை விற்கமாட்டார்கள். எருதை ஏரில் பூட்டமாட்டார்கள். முள்வேலி சூழ்ந்த தொழுவத்தில் அவற்றைக் காத்து மேய்க்கும் பொறுப்பு ‘கிலாரி’ என்பவருக்கு உரியது. பயன் கருதாமல் மாடு வளர்ப்பதைப் பொருளாதார அறிஞர் கேலி செய்யக்கூடும். ஆயினும் உள்ளூர் மாட்டினத்தின் தூய வித்து இந்த மந்தைகளில்தான் தங்கியிருக்கிறது. வறட்சி மிகுந்த ஆண்டுகளில் இவற்றுக்குத் தீவனம் அளிக்க ஊர்கள் திரண்டு வருவதையும் காணலாம்.

குறுபர்கள் வளர்ப்பது கறுப்பு மயிருடைய தக்காணிச் செம்மறி. நாம் குறும்பாடு என்று சொல்வது இதன் உறவுதான். அதன் மயிரைக் கத்தரித்து, நூற்று, குழித்தறியில் நெய்வது கம்பளி. பாவு நூலுக்கு விறைப்பு ஏற்றப் புளியங்கொட்டையை வறுத்து, இடித்து, கஞ்சியாகக் காய்ச்சித் தூரிகையால் பூசுகிறார்கள். ஆப்பிரிக்காவின் மரம் தக்காணத்து ஆட்டு மயிருக்குப் பசை தருகிறது! இந்தக் கம்பளி மழைக்குக் குடை, இரவுக்குப் போர்வை, களத்தில் தானியம் உலர்த்தப் பாய், திருமணத்தில் மணமக்கள் அமரும் ஆசனம். உடலில் குத்துகிறது என்று நகரத்தார் முகம் சுளிப்பதுண்டு. மேய்ப்பனுக்கு அந்தக் குத்தலே தேவை; தண்ணீர் அதில் உருண்டோடிவிடும்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

சவன்னாவை அயலார் பார்க்கும்போது அவர்கள் கண்ணுக்கு அது காலி இடமாகவே படுகிறது. இதற்குப் பெரிய சான்று ஆப்பிரிக்காவிலேயே இருக்கிறது. தங்கனீக்கா நாட்டில் கொங்வா என்று ஓர் ஊர். இன்றைய தான்சானியாவில் தொடோமாவுக்குக் கிழக்கே, சவன்னாவின் நடுவே அமைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்குப் பெரும் பஞ்சம். தங்கனீக்காவில் பல லட்சம் ஏக்கரை வெட்டித் திருத்தி நிலக்கடலை பயிரிட்டால் பஞ்சம் தீரும் என்று 1947இல் பிரிட்டிஷ் அரசாங்கம் கொங்வாவில் வேலையைத் தொடங்கியது. போரில் பயன்பட்ட டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றிக் கொண்டுவந்தார்கள். முட்புதர் இயந்திரப் பற்களை முறித்தது. பெருக்க மரங்கள் அசைய மறுத்தன. மழை முடிந்ததும் களிமண் கல்லாக இறுகிவிட, மண்ணுக்குள் முற்றிய கடலையைப் பிடுங்கக்கூட முடியவில்லை. மழை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறும் என்பதை அங்கே தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து, சோளமும் கம்பும் விளைவித்து வந்த கோகோ மக்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 1951இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். மூன்றரைக் கோடிப் பவுனுக்கு மேல் நட்டம்.

சள்ளகெரேயிலும் கடலை, கொங்வாவிலும் கடலை. ஆனால் சள்ளகெரே உழவன் தன் வயலுக்கு அருகே காவலை விட்டுவைத்தான். வயல் பொய்த்த ஆண்டில் ஆடு காப்பாற்றும். ஆடு நலிந்த ஆண்டில் வயல் காப்பாற்றும். கொங்வாத் திட்டக்காரர்கள் கடலை ஒன்றையே நம்பினார்கள். வேறுபாடு இதுவே.

நம் நாட்டிலோ பிழை வேறு உருவத்தில் வந்தது. ஆங்கிலேயர் நிலத்தை அளந்தபோது, வரி தரும் நிலம் என்றும் வரி தராத நிலம் என்றும் பிரித்தனர். மாடு மேயும் வெளி வரி தராது. ஆகவே ஏட்டில் அது தரிசு ஆயிற்று. தரிசு என்று எழுதிய பின் அதற்கு ஒரு பயனைத் தேடுவது அதிகாரிகளின் கடமையாகிவிட்டது. விடுதலைக்குப் பின்னும் அந்த ஏடு மாறவில்லை. சிலர் அதனை உழுதார்கள். 1980களில் கருநாடகத்தின் வறண்ட மாவட்டங்களில் தைலமரம் பரவலாக நடப்பட்டது. மரம் நடுவது நல்ல காரியமாயிற்றே என்பீர்கள். காட்டில் நல்லது, புல்வெளியில் அது புல்லின் வெயிலைப் பறிக்கும். திறந்த வெளியில் ஓடி வாழும் இரலைக்கும், தரையில் முட்டையிடும் கானமயிலுக்கும் அங்கே இடமில்லாமற் போகும். கானமயில் கருநாடகத்தில் இன்று எஞ்சியிருப்பது பெல்லாரி மாவட்டத்துச் சிருகுப்பைப் பக்கத்தில்தான். அதுவும் விரல் விட்டு எண்ணத்தக்க அளவே.

சள்ளகெரேக் காவல்களின் கதை 2009 முதல் வேகமாக மாறியது. தேசத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி, விண்வெளி, அணுசக்தி நிறுவனங்களுக்கும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும், ஒரு சூரிய மின் திட்டத்துக்கும் எல்லாம் சேர்த்துச் சுமார் 10,000 ஏக்கர் காவல் நிலம் ஒதுக்கப்பட்டது. நெடுமதில்கள் எழுந்தன. ஒரு நாள் காலையில் ஆடுகளை ஓட்டிச் சென்றவர்கள் வழக்கமான வழியில் சுவரைக் கண்டார்கள். ஊரார் வழக்காடினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வல்லுநர் குழுவை அனுப்பி ஆராய்ந்து, 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அறிவியல் நிறுவனங்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பணிகளைத் தொடர இடம் கிடைத்தது.

அங்கே நடக்கும் பணி சிறியதன்று. 2017இல் திறக்கப்பட்ட வானூர்திச் சோதனைத் தளத்தில்தான், இறக்கையுடன் திரும்பி வந்து ஓடுபாதையில் இறங்கும் விண்கலத்தின் மாதிரியை இஸ்ரோ 2023 ஏப்ரலில் முதன்முறை இறக்கிச் சோதித்தது. ஹெலிகாப்டர் நான்கரைக் கிலோமீட்டர் உயரத்தில் அதனை விடுவிக்க, அது தானே வழி கண்டு இறங்கிற்று. ‘புஷ்பக்’ என்ற பெயர் தாங்கி 2024இல் மேலும் இரு முறை இறங்கியது. இந்தியராகப் பிறந்த எவர்க்கும் அது பெருமைதான். அந்த ஓடுபாதைக்குத் திறந்த வெளி வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அவ்வெளி திறந்தே இருந்ததற்குக் காரணம், அதனை உழாமலும் வெட்டாமலும் நானூறு ஆண்டுகள் காத்தவர்கள் இருந்தமை. ‘காலியாகக் கிடந்த நிலம்’ என்று சொல்லும்போது அவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. மதிலுக்கு வெளியே எஞ்சிய காவலில் முன்பு இருந்ததைவிட நெருக்கமாக மந்தைகள் மேய்கின்றன. புல்லுக்கு ஓய்வில்லை. ஆட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்குக் கூலி வேலை தேடிப் போவோரைக் கிராமந்தோறும் காணலாம். ரிச்சர்ட்ஸ் டவுனைச் சுற்றி எழும் கட்டடங்களில் கல் சுமப்போரிடம் ஊரைக் கேட்டால் வட கருநாடகத்து வறண்ட மாவட்டங்களின் பெயர்கள் வருவதற்கும் இத்தகைய காரணங்கள் உண்டு. ஊரைவிட்டு வந்தவர் நாம். வந்தவரின் நிலை நமக்குத் தெரியாததன்று.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். நம் கொங்கு நாட்டைப் பாருங்கள். காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடு என்று ஒரு வகை மேய்ச்சல் நிலம் உண்டு. உழவர் தம் சொந்த நிலத்தில் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை விட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தி, மாட்டையும் ஆட்டையும் முறை வைத்து மேய்ப்பார்கள். புல், பரவலாக நின்ற மரம், கால்நடை என்ற மூன்றும் சேர்ந்த அந்தக் காட்சியை ஆப்பிரிக்கப் படம் என்று சொன்னால் நம்புவார்கள். கொறங்காட்டை எவரும் தரிசு என்று சொல்லத் துணிவதில்லை. அதற்கு வேலி இருக்கிறது, பட்டா இருக்கிறது, உடையவர் இருக்கிறார். சள்ளகெரேக் காவலுக்கு உடையவர் அரசாங்கம், பயன்கொள்பவர் மேய்ப்பர். இருவரும் வேறாக இருந்ததுதான் சங்கடம்.

அரசாங்கத்தின் பார்வையும் சிறிது மாறி வருகிறது எனலாம். சிவிங்கிப்புலி இந்தியாவில் அழிந்து முக்கால் நூற்றாண்டு ஆன பின், 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் கூனோவில் விட்டார்கள். ஆப்பிரிக்கச் சவன்னாவின் விலங்கு வாழ இந்தியாவில் இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டதால்தானே அது நடந்தது! விலங்குக்காக ஒப்புக்கொண்டதைப் புல்லுக்காகவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர் பலர் இன்று கேட்பது.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை செல்வது நலம். மார்ச்சில் சென்றால் புல்லும் மண்ணும் ஒரே நிறமாக இருக்கும், முதல் முறை செல்வோர்க்கு ஏமாற்றமாகத் தோன்றும். காவலுக்குள் வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டாம். நடந்து செல்லுங்கள், முழுநீளக் காலணி அணியுங்கள், ஊசிப்புல் வேட்டியிலும் சேலையிலும் தைத்துக்கொள்ளும். மதில்களுக்கு அருகே படம் எடுக்கக் கூடாது. மந்தை எதிர்ப்பட்டால் ஒதுங்கி நில்லுங்கள். மேய்ப்பரின் நாய்கள் அந்நியரைப் பொறுக்கமாட்டா. மேய்ப்பர் தண்ணீர் கொடுத்தால் மறுக்காதீர்கள், ஆனால் குறைவாகக் குடியுங்கள். அதை அவர் நெடுந்தொலைவு சுமந்து வந்திருப்பார். கம்பளி வாங்குவோர் நெசவாளரிடமே வாங்கினால் நன்று. கையால் நூற்ற நூல் தடிப்பும் மெலிவுமாக இருக்கும். சீராக இருந்தால் அது ஆலை நூல் என்று அறிக. முதலில் தகரம்போல் விறைப்பாக இருக்கும். நாலைந்து முறை நனைந்தபின் புளியங்கஞ்சி போய் மெதுவாகும்.

இன்னும் ஒரு நாள் கையில் உள்ளவர்கள் தாவணகெரே, ஹாவேரி வழியாகச் சவணூர் வரை செல்லலாம். அங்கே ஒரு மடத்தின் வளாகத்தில், ஆப்பிரிக்கச் சவன்னாவுக்கே உரிய பெருக்க மரங்கள் மூன்று, மிகப் பெரிய பருமனில் நின்றிருக்கின்றன. இராமேசுவரத்திலும் இலங்கையின் மன்னாரிலும் இம்மரத்தைக் கண்டவர்கள் உங்களில் இருக்கக்கூடும். நம்மவர் அதனை ஆனைப்புளி என்பர். சவணூர் மக்கள் வைத்த பெயர் ‘தொட்ட ஹுணசே’, பெரிய புளி. 2023 ஜூலை மழையில் மூன்றில் ஒன்று வேரோடு சாய்ந்தது. பாரந்தூக்கிகளைக் கொண்டுவந்து அதனை நிமிர்த்தி, மறுபடியும் நட்டிருக்கிறார்கள்.